மொட்டு ஏறிச்சா?

அம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டதை எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது துவரம்பருப்புதான்.

இரண்டு வருடத்துக்கு முன், வைகாசி மாதத்தில் ஒரு காலை. நான் மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். கீழே குக்கர் விசில் அடித்தது. மூன்று, நாலு, ஐந்து. அம்மா அடுப்படியில்தானே இருக்கிறாள், நிறுத்திவிடுவாள் என்று இருந்துவிட்டேன். ஏழாவது விசிலில் பொறுக்கமுடியாமல் ஓடினேன். அம்மா அடுப்புக்கு நாலடி தள்ளி முக்காலியில் உட்கார்ந்து, நிதானமாக முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். "இன்னாத்துக்குடி இப்டி ஓடியாற?" என்றாள். அப்போது எட்டாவது விசில் அடித்தது. அம்மாவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. அதைப் பார்த்த பிறகு கருகிய பருப்பைப் பற்றி நான் வாயே திறக்கவில்லை.

வயதானால் முதலில் போவது கீச்சென்று உயர்ந்து கேட்கிற சத்தங்கள்தான் என்று காது டாக்டர் சொன்னார். பஸ் ஹாரன் கேட்கும், மிக்சி கேட்கும், வாசலில் கீரைக்காரர் கூப்பிடுவது கேட்கும். குருவிச் சத்தமும் குக்கர் விசிலும் கேட்காது. காது மிஷின் வாங்கினோம். "காதுக்குள்ள வண்டு பூந்த மாதிரி கீது" என்று ஒரே வாரத்தில் கழற்றி டப்பாவில் போட்டுவிட்டாள். இன்றைக்கும் அந்த டப்பாவில் பத்திரமாக இருக்கிறது.

சமையலை விட்டுவிடு என்று அம்மாவிடம் சொல்லும் தைரியம் எனக்கும் இல்லை, வீட்டுக்காரருக்கும் இல்லை. அணைக்கட்டு என்ற ஊருக்குப் பக்கத்துக் கிராமத்தில் பத்து வயதில் அடுப்பு ஊத ஆரம்பித்தவள், இப்போது எழுபத்தொன்று. நான் வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து காட்பாடிக்கு வேலைக்குப் போகிறவள். எட்டேகாலுக்குள் டிபன் பாக்ஸ் கையில் இருந்தாக வேண்டும். காலையில் அடுப்படி அம்மாவுடையது. இரண்டு மாதம் நான் குளிக்கும்போதுகூட குழாயை மூடி மூடி விசிலுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தேன். என் பையனை ஹாலில் உட்காரவைத்து எண்ணச் சொன்னால், அவன் போனைப் பார்த்துக்கொண்டே "ரெண்டோ மூணோ" என்பான்.

இந்தப் புலம்பலைக் கேட்டுத்தான் டல்லாஸில் இருக்கும் தம்பி, ஊருக்கு வரும்போது ஒரு எலக்ட்ரிக் பிரஷர் குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்தான். 2010ல் கனடாவில் இன்ஸ்டன்ட் பாட் என்று ஒன்று வந்ததிலிருந்து அங்கே நம்மாட்கள் வீட்டில் இது சர்வசாதாரணம். பெட்டியைப் பிரித்து, கழுவி, பொட்டுகூட வைத்தாயிற்று. பிளக்கின் தட்டைக் கால்கள் நம்ம சாக்கெட்டில் நுழையவில்லை. அடாப்டர் வாங்கலாம் என்று நான் கிளம்பும்போதுதான் பையன் அடியில் ஒட்டியிருந்த தாளைப் படித்தான். 120 வோல்ட். நம் வீட்டில் வருவது 230. அடாப்டர் பிளக்கின் வடிவத்தைத்தான் மாற்றும், வோல்ட்டை மாற்றாது. செருகியிருந்தால் அன்றே பொசுங்கியிருக்கும். வோல்ட்டைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் உண்டு, ஆனால் ஆயிரம் வாட்டைத் தாங்குவது அம்மிக்கல் கணக்காக இருக்கும். அது பரணுக்குப் போனது. அமெரிக்காவிலிருந்து யாராவது உங்களுக்குக் குக்கர் எடுத்து வருவதாகச் சொன்னால் அன்பாகத் தடுத்துவிடுங்கள். அந்த இடத்தில் நாலு கிலோ பாதாம்பருப்பு வரும்.

ஆசை மட்டும் இறங்கவில்லை. இங்கேயே விற்கும் ஆறு லிட்டர் குக்கர் ஒன்றை வாங்கினேன். 230 வோல்ட், 1000 வாட்.

முதல் நாள் அதில் பருப்பைப் போட்டுப் பொத்தானை அமுக்கினோம். ஐந்து நிமிடம் ஒன்றும் நடக்கவில்லை. அம்மா கிட்டே போய்க் குனிந்து பார்த்தாள். கையை மூடிக்கு மேலே நீட்டினாள். "இன்னாடி இது, செத்த மாதிரி கீது?"

விசில் கிடையாதும்மா என்றேன். "அப்ப வெந்துச்சுன்னு எப்டித் தெரியும்?"

கேள்வி நியாயமானதுதான். நம் சமையல் பேச்சு முழுவதும் விசிலில்தான் நடக்கிறது. பருப்புக்கு நாலு, உருளைக்கிழங்குக்கு மூணு, ஆட்டுக்கறிக்கு ஏழெட்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால் விசில் ஒரு அளவே இல்லை. உள்ளே ஆவியின் அழுத்தம் வெயிட்டின் பாரத்தைத் தாண்டும்போது வெயிட் எழும்பி ஆவி சீறுகிறது. அழுத்தம் கொஞ்சம் தணிந்ததும் திரும்ப உட்காருகிறது. இரண்டு சீறலுக்கும் நடுவே எவ்வளவு நேரம் என்பது தீயின் அளவு, குக்கரின் அளவு, உள்ளே இருக்கும் தண்ணீர், வெயிட்டில் அடைத்திருக்கும் அழுக்கு எல்லாவற்றையும் பொறுத்தது. பெரிய தீயில் ஐந்து நிமிடத்தில் மூன்று விசில் வரும். அதே மூன்று விசிலுக்கு சிம்மில் இருபது நிமிடம் காத்திருக்கலாம். வேகவைப்பது விசில் அல்ல. அழுத்தத்தில் தண்ணீர் நூறு டிகிரியைத் தாண்டிச் சுமார் 120 டிகிரி வரைக்கும் ஏறிக் கொதிக்கிறதே, அந்தச் சூடும் அது நிற்கிற நிமிடங்களும்தான் வேகவைக்கின்றன. விசில், மிஞ்சிய ஆவி வெளியே போகிற சத்தம். எத்தனை விசிலோ அத்தனை முறை கேஸ் கொடுத்த சூட்டைக் காற்றில் விடுகிறோம்.

இந்த மாதிரிப் பாத்திரத்தை முதலில் செய்த டெனி பாப்பின் ஒரு பிரெஞ்சுக்காரர். 1679ல் லண்டனில் அவர் அதைக் காட்டியது எலும்பை வேகவைத்து மெத்தென்று ஆக்கத்தான். ஆவி மிஞ்சினால் தூக்கிக்கொண்டு வெளியே விடும் வால்வையும் அவரே பொருத்தினார். அந்த வால்வின் வம்சம்தான் நம் வெயிட். முன்னூற்றைம்பது வருடமாகிறது. நடுவில் யாரோ ஒரு மகராசி எண்ண ஆரம்பித்திருக்கிறாள்.

எலக்ட்ரிக் குக்கருக்குச் சீறவேண்டிய அவசியம் இல்லை. அழுத்தம் போதுமான அளவு ஏறியதும் சூட்டை அதுவே நிறுத்திக்கொள்கிறது, குறைந்தால் திரும்பப் போட்டுக்கொள்கிறது. அதனால்தான் அந்த மௌனம். அடுப்புக் குக்கரைவிட இதில் அழுத்தம் கொஞ்சம் குறைவு என்பதால் சூடும் நாலைந்து டிகிரி குறைவாகவே நிற்கும். அதை ஈடுகட்ட இரண்டு நிமிடம் கூட்டி வைக்கவேண்டும், அவ்வளவுதான்.

அன்றைக்கு நாங்கள் இருவரும் அதன் முன்னால் நின்றுகொண்டே இருந்தோம். மூடியில் கைப்பிடிக்குப் பக்கத்தில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு குழி. அதற்குள் ஒரு சின்ன உலோகக் குமிழ் படுத்திருக்கிறது. எட்டாவது நிமிடம் அதைச் சுற்றி லேசாக ஆவி முனகியது. ஒரு துளித் தண்ணீர் அங்கேயே கொதித்து உருண்டது. குமிழ் ஒரு முறை எழும்பிப் பார்த்து விழுந்தது. அப்புறம் டிக் என்று எழுந்து மூடியின் மட்டத்துக்கு வந்து நின்றுகொண்டது. முனகல் நின்றது. அது எழுந்துவிட்டால் மூடி பூட்டிக்கொண்டது என்று அர்த்தம். உள்ளே அழுத்தம் இருக்கும்வரை இறங்காது, அது இறங்காமல் மூடி திறக்காது.

"மொட்டு ஏறிக்கிச்சு" என்றாள் அம்மா.

அன்றிலிருந்து அதற்கு எங்கள் வீட்டில் மொட்டு என்றுதான் பெயர். கம்பெனிக்காரர்கள் புத்தகத்தில் என்ன போட்டிருந்தாலும் சரி. காது விட்ட வேலையைக் கண் எடுத்துக்கொண்டது. முக்காலியில் உட்கார்ந்தபடியே அம்மா அவ்வப்போது தலையைத் திருப்பி மொட்டைப் பார்ப்பாள். நான் குளியலறையிலிருந்து "மொட்டு ஏறிச்சாம்மா?" என்று கத்துவேன், அதுவும் கேட்காது, பதில் வராது. பதில் வராவிட்டாலும் பரவாயில்லை என்பதுதான் இதில் விசேஷம். நேரம் முடிந்ததும் அதுவே நின்றுகொள்ளும். யாரும் ஓடவேண்டியதில்லை.

இது நேரத்தை மிச்சம் பிடிக்கும் என்று விற்கிறார்கள். அது பொய், குறைந்தபட்சம் பாதிப் பொய். பெட்டியில் பத்து நிமிடம் என்று போட்டிருந்தால் அது மொட்டு ஏறிய பிறகு ஓடுகிற பத்து நிமிடம். ஏறுவதற்கு ஒரு எட்டு அல்லது பத்து, தானாக இறங்க இன்னொரு பத்து பதினைந்து. பருப்புக்கு மொத்தம் அரை மணிக்கு மேல் ஆகிறது. அடுப்பில் வைத்தால் இருபது நிமிடத்தில் முடியும். இது மிச்சம் பிடிப்பது கவனத்தை. ஆறரைக்குப் போட்டுவிட்டு வாசல் தெளித்து, கோலம் போட்டு, பால் வாங்கிக்கொண்டு வரலாம்.

ஆவி வெளியே போகாததால் தண்ணீரை வழக்கம்போல் ஊற்றினால் எல்லாம் களிம்பு மாதிரி வரும். முதல் மாதம் நாங்கள் சாப்பிட்டது சோறு அல்ல, சோறும் கஞ்சியும் நடுவில் ஏதோ ஒன்று. அப்புறம் ஒரு நோட்டுப் போட்டு அம்மா சொல்லச் சொல்ல எழுதினேன். ஒரு ஆழாக்குப் பொன்னிப் புழுங்கலுக்கு இரண்டேகால் ஆழாக்குத் தண்ணீர், அரை மணி ஊறல், பன்னிரண்டு நிமிடம், பத்து நிமிடம் தானாக இறங்கவேண்டும். பச்சரிசிக்கு இவ்வளவு வேண்டாம். ஆறு நிமிடமே தாராளம். கறுப்புக் கொண்டைக்கடலை ராத்திரி ஊறினால் இருபத்தைந்து. ஊறிய காய்ந்த மொச்சை பன்னிரண்டு, தை மாதத்துப் பச்சை மொச்சைக்கு மூன்றே நிமிடம், அதற்குமேல் போனால் தோல் கழன்றுவிடும். ஆட்டுக்கறி இருபத்தைந்து. கறி வெந்ததும் ஆவியைச் சட்டென்று திறந்துவிடக்கூடாது. திடீரென்று அழுத்தம் விழுந்தால் உள்ளே குழம்பு பொங்கி வால்வு வழியாகச் சுவரில் அடிக்கும். எங்கள் வீட்டுக் காலண்டரில் இன்னும் அந்த மஞ்சள் கறை இருக்கிறது.

பருப்பு மட்டும் நோட்டுக்குள் அடங்கவில்லை. ஒரு நாள் பத்து நிமிடத்தில் வெண்ணெயாக வெந்துவிடும். அடுத்த நாள் அதே பத்து நிமிடத்துக்கு, அதே பருப்பு, விரலில் நசுக்கினால் நடுவில் கல் மாதிரி நிற்கும். குக்கர் கெட்டுவிட்டது என்று நான் தீர்மானமே பண்ணிவிட்டேன். அம்மாதான் கேட்டாள்: "இன்னா தண்ணி ஊத்தின?" குழாயில் காவிரித் தண்ணீர் வந்த நாள் வெந்தது, போர் தண்ணீர் ஊற்றிய நாள் வேகவில்லை. எங்கள் தெரு போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, கெட்டிலில் வெள்ளையாகப் படியும். அந்தத் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்புச் சத்து பருப்புக்குள் இருக்கும் பெக்டின் என்ற பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது. கொதிக்கிற சூட்டிலும் அது இளகமாட்டேன் என்கிறது. புளியும் தக்காளியும் வேறொரு வழியில் இதே வேலையைச் செய்யும். புளிப்பு ஏறிவிட்டால் பருப்பு அதற்குமேல் குழையாது. ஆகவே சாம்பாரில் புளி எப்போதும் கடைசியில். அம்மாவுக்குப் பெக்டின் தெரியாது. "உப்புத் தண்ணி பருப்பைப் புடிச்சுக்கும்" என்பாள். இரண்டும் ஒரே சேதிதான். இப்போது பருப்புக்கென்று ஒரு குடம் குடிதண்ணீர் தனியாக நிற்கிறது.

வடித்த சோறு விஷயத்தில் சமாதானமே வரவில்லை. எங்கள் பக்கத்தில் சோறு என்றால் வடித்ததுதான். உதிரி உதிரியாக, கஞ்சி தனியாக. அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டு அம்மா காலையில் குடிப்பாள், மீதி பருத்திப் புடவைக்கு. குக்கரில் கஞ்சி எங்கே போகும்? சோற்றுக்குள்ளேயே. "கஞ்சியத் துன்னுட்டு சோறு உப்பிக்கீது" என்று தள்ளிவைத்தாள். வாரத்தில் ஐந்து நாள் குக்கர் சோறு, சனி ஞாயிறு வடித்த சோறு என்று ஒப்பந்தம். ஞாயிற்றுக்கிழமை கஞ்சியை நானும் ஒரு டம்ளர் குடிக்கிறேன்.

களி தோற்றுப் போனதுக்குக் காரணம் வேறு. நொய் வேகவைப்பது வரைக்கும் பிரமாதம். ஒரு ஆழாக்கு நொய், எட்டு நிமிடம், குழைய வெந்து நிற்கும். மூடியைத் திறந்து கேழ்வரகு மாவைக் கொட்டி, நடுவில் துடுப்புக் காம்பால் ஓட்டை போட்டு, மூடி வைத்தாயிற்று. அப்புறம் அம்மா துடுப்பைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். களி அசையவில்லை, உள்பாத்திரமே மொத்தமாகச் சுற்றியது. அடுப்புச் சட்டியை அந்தக் காலத்தில் இரண்டு காலாலும் அணைத்துப் பிடித்துக்கொண்டு கிண்டுவார்கள். இந்தப் பிளாஸ்டிக் டிரம்முக்குள் காலை எங்கே வைப்பது? நான் இரண்டு துணி போட்டு விளிம்பைப் பிடித்துக்கொள்ள, அம்மா பலத்தையெல்லாம் கொடுத்துக் கிண்ட, குக்கர் மேடையில் நகர்ந்து நகர்ந்து சிங்க்குக்கு வந்துவிட்டது. பையன் வீடியோ எடுத்தான். இப்போது நொய் இதில், களி அலுமினியச் சட்டியில்.

கீரையும் இதில் கூடாது. மூடி போட்டால் கீரையிலிருந்து வரும் புளிப்பு ஆவி வெளியே போகாமல் உள்ளேயே சுற்றிப் பச்சையைக் காக்கி ஆக்கிவிடுகிறது. இதை அம்மா சொல்லித்தான் சின்ன வயதிலேயே தெரியும், கீரைச் சட்டிக்கு மூடி போட்டால் முதுகில் ஒன்று விழும்.

கத்திரிக்காய் கடைசலில்தான் இது மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் இந்தப் பக்கத்துப் பெருமை. காம்பில் முள் குத்தும், உள்ளே வெண்ணெய். 2023ல் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் என்று புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. அரைக் கிலோ காய், இரண்டு தக்காளி, நாலு பச்சை மிளகாய், சின்ன வெங்காயம் ஒரு கை, அரை டம்ளர் தண்ணீர். இரண்டே நிமிடம். அதற்கு மேல் வைத்தால் கடைய ஒன்றும் இருக்காது. முதலில் எண்ணெயில் வதக்கினால் அடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற துணுக்குகளைத் தண்ணீர் விட்டுச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் மூடவேண்டும். இல்லாவிட்டால் அடிப்பிடிக்கிறது என்று நினைத்துக்கொண்டு குக்கர் பாதியில் கீ கீ என்று கத்தி நின்றுவிடும். அம்மாவுக்கு அந்தக் கத்தலும் கேட்காது என்பதால் இதை நோட்டில் சிவப்பில் எழுதி வைத்திருக்கிறேன். வெந்ததும் மண்சட்டிக்கு மாற்றிப் புளி கொஞ்சம் விட்டுக் கடையவேண்டும். வழவழவென்ற எவர்சில்வரில் மத்து வழுக்கும். மண்சட்டியின் சொரசொரப்புதான் பாதிக் கடைசல்.

அப்புறம் மல்லாட்டை. மணிலாக்கொட்டை மருவி மல்லாட்டை ஆனது, வெளியூர்க்காரர்களுக்கு வேர்க்கடலை. ஆடியில் விதைத்த மானாவாரிக் காடுகளில் ஐப்பசி கார்த்திகையில் பிடுங்குவார்கள், ஈர மண்ணோடு பச்சை மல்லாட்டை வண்டியில் வரும். மாமா ஊரிலிருந்து ஒரு பை அனுப்புவார். மூன்று தண்ணீரில் அலசி, ஓட்டோடு போட்டு, முங்கத் தண்ணீர் விட்டு, கடல் தண்ணீர் மாதிரி கரிக்கும் அளவுக்குக் கல்லுப்பு. இருபது நிமிடம். முடிந்ததும் திறக்கக்கூடாது. மொட்டு தானாக இறங்கி, அதற்குமேல் ஒரு அரை மணி அந்த உப்புத் தண்ணீரிலேயே கிடக்கட்டும். சூடு ஆற ஆற உப்பு ஓட்டுக்குள் இறங்கும். உடைத்தால் உள்ளே ஒரு சொட்டு உப்புத் தண்ணீர் இருக்கும், அதை முதலில் உறிஞ்சிவிட்டுத்தான் கொட்டையைத் தின்பது. இந்த ஒன்றுக்காகவே குக்கருக்குக் கொடுத்த காசு தீர்ந்தது என்று வீட்டுக்காரர் சொல்வார்.

அவரைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் கட்டுரை முடியாது. போன வருடம் நான் வெளியூர் போயிருந்தபோது, "அத்தை, இன்னிக்கு நான் சோறு ஆக்குறேன்" என்று களத்தில் இறங்கியிருக்கிறார். உள்பாத்திரம் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்க்கவில்லை. அரிசியையும் தண்ணீரையும் நேராகக் குக்கர் உடம்புக்குள்ளேயே ஊற்றிவிட்டார். மேடையெல்லாம் தண்ணீர் வழிந்த பிறகுதான், "அத்தை, குக்கர் ஓட்டை" என்று கூப்பிட்டாராம். நல்லவேளை, பிளக் போடவில்லை. போனில் என்னிடம் சொன்னபோது குரல் ரொம்பப் பணிவாக இருந்தது. கவிழ்த்து உலுக்கியதில் அரிசி வந்தது. அடித்தட்டுக்குக் கீழே போனது வரவில்லை. மொட்டை மாடியில் வெள்ளை வேட்டி மேல் மூன்று நாள் காயவைத்தார்கள், அப்பளத்துக்குப் பக்கத்தில். வேலூர் வெயிலை வாய் ஓயாமல் திட்டுகிறோமே, அதுதான் ரிப்பேர் பண்ணிக்கொடுத்தது. வேறு ஊராக இருந்தால் என்ன ஆகியிருக்குமோ. நாலாம் நாள் பிளக் போடும்போது எல்லோரும் கதவுக்கு வெளியே நின்றோம். ஓடியது. உள்ளே எங்கேயோ மாட்டிய நாலைந்து அரிசி மட்டும் ஒரு வாரம் பொரி வாசம் அடித்தது. எழுதுவதால் சொல்கிறேன், தண்ணீர் உள்ளே போன மிஷினை நாங்களே காயவைத்து ஓட்டியது புத்திசாலித்தனம் இல்லை, மெக்கானிக்கிடம் காட்டியிருக்கவேண்டும்.

மெக்கானிக் என்றதும் ஞாபகம் வருகிறது. பழைய குக்கருக்கு லாங்கு பஜாரில் எல்லாம் கிடைக்கும். ரப்பர், வெயிட், கைப்பிடி, சேஃப்டி வால்வு, உட்கார்ந்த இடத்தில் மாற்றித் தருவார்கள். இதன் ரப்பரைக் கொண்டுபோய்க் காட்டினேன். கடைக்காரப் பெரியவர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது நம்மகிட்ட இல்லம்மா, இது கூரியர்லதான் வரும்" என்றார். வந்தது, பன்னிரண்டு நாள் கழித்து.

ரப்பர் எதற்கு என்றால், அது ஒரு புரட்டாசிக் கதை. இந்தக் குக்கரின் ரப்பர் சிலிக்கோன். வாசனையை விழுங்கி வைத்துக்கொள்ளும். புரட்டாசி முதல் சனிக்கிழமை, பெருமாளுக்குத் தளிகை. சர்க்கரைப் பொங்கலை இதில் வைத்தேன். மூடியைத் திறந்ததும் நெய், ஏலக்காய், பச்சைக் கற்பூரம், அதன் பின்னாலேயே ஆவணிக் கடைசி ஞாயிற்றின் ஆட்டுக்கறிக் குழம்பு. அம்மாவுக்குக் காதுதான் போயிருக்கிறது, மூக்கு போகவில்லை. ஒன்றும் சொல்லாமல் அந்தப் பொங்கலை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, வெண்கலப் பானையைத் தேய்க்க ஆரம்பித்தாள். அன்று பதினொன்றரைக்குத்தான் படையல். இப்போது ரப்பர் இரண்டு. ஒன்று கறிக்கு, ஒன்று மற்றதுக்கு. கலந்துவிடாமல் இருக்க, சைவ ரப்பரில் மஞ்சள் கயிறு கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள்.

கத்திரி வெயில் நாட்களில்தான் இதன் அருமை முழுதாகத் தெரியும். வெளியே நாற்பத்திரண்டு டிகிரி அடிக்கும்போது எங்கள் அடுப்படி எப்படி இருக்கும் என்று சொல்லவேண்டியதில்லை. கேஸ் அடுப்பு எரிந்தால் மின்விசிறி போடமுடியாது, தீ ஆடும், அணையும். குக்கருக்குத் தீயே இல்லை. அம்மா டேபிள் ஃபேனை முக்காலிக்கு எதிரே வைத்து, முந்தானை பறக்கப் பறக்கக் காய் நறுக்கினாள். "அறுபது வருசம் இது தெரியாம வெந்துட்டேன்" என்றாள், சிரித்துக்கொண்டுதான். எனக்கு என்னவோ சிரிப்பு வரவில்லை.

கரண்ட் பில் எகிறும் என்று பயந்தேன். ஒரு சமையலுக்கு அரை யூனிட்கூட ஆவதில்லை. சூடேறும் வரைக்கும்தான் ஆயிரம் வாட் முழுசாக இழுக்கும், அப்புறம் விட்டு விட்டுத்தான். வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கிற யூனிட் ஃபேனுக்கும் ஃபிரிட்ஜுக்குமே போய்விடுகிறது, அது வேறு கதை. சிலிண்டர் பத்துப் பன்னிரண்டு நாள் கூட வருகிறது.

கரண்ட் போனால்? போகும். பாதியில் போனால் முகப்பு அணைந்துவிடும், எங்கள் இன்வெர்ட்டர் ஆயிரம் வாட்டைத் தாங்காது. ஆனால் மொட்டு உடனே இறங்காது. சுற்றிலும் இரட்டைச் சுவர் என்பதால் சூடு உள்ளேயே நிற்கும், பருப்பு அதன்பாட்டுக்கு வெந்துகொண்டிருக்கும். முதல் தடவை நான் பதறி ஆவியைத் திறந்து அடுப்புக்கு மாற்றினேன். அடுத்த தடவை அம்மா கையைப் பிடித்து நிறுத்தினாள். "மொட்டு நிக்குது பாரு. உட்டுடு." அரை மணி கழித்துத் திறந்தபோது பருப்பு வெந்திருந்தது.

பழைய குக்கரைத் தூக்கிப் போடவில்லை. அவசரத்துக்கு நான் இருக்கும்போது அதுதான். ஆனால் காலையில் எங்கள் வீட்டில் விசில் சத்தம் கேட்டு ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. தெருவில் மற்ற எல்லா வீட்டிலும் கேட்கிறது. ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் எங்கள் சத்துவாச்சாரித் தெருவில் நின்றால், யார் வீட்டில் கடலை, யார் வீட்டில் பருப்பு என்று என்னால் சொல்லமுடியும். எண்ணுகிற பழக்கம் என்னை விடவில்லை.

போன வியாழக்கிழமை இங்கே குக்கரில் மொட்டு ஏறி நிற்கிறது, அம்மா ஃபேன் காற்றில் வெங்காயம் உரிக்கிறாள். பக்கத்து வீட்டு அக்கா வீட்டில் நாலாவது விசில். ஐந்து. ஆறு. அக்காவுக்கு அறுபத்தைந்து இருக்கும், தனியாகத்தான் இருக்கிறார். ஏழாவதில் நான் கரண்டியை வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தேன்.

"எங்கடி போற?" என்றாள் அம்மா.

"அக்கா வூட்டுல விசில் அடிக்குதும்மா."

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே" என்று சொல்லிவிட்டு அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.